கையெழுத்துப் பந்தின் விலைக் கணக்கு

டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 2000 அக்டோபர் 1 முதல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டராக உயர்ந்தது. விட்டத்தில் கூடியது 5.3 சதவீதம்தான். ஆனால் மேற்பரப்பு 45.4 சதுர செ.மீ.யிலிருந்து 50.3 சதுர செ.மீ. ஆனது, இது 10.8 சதவீத உயர்வு. கன அளவு 28.7 கன செ.மீ.யிலிருந்து 33.5 கன செ.மீ.க்கு, அதாவது 16.6 சதவீதம் கூடியது. எடை 2.5 கிராமிலிருந்து 2.7 கிராம் ஆனது. வீரர் கையெழுத்திட்ட பந்தையோ மட்டையையோ சேகரிப்பவருக்கு இந்த 2 மி.மீ. மிகப் பெரிய உதவி. கையெழுத்தைப் போலி செய்ய ஒரு பேனா போதும். 2000-க்குப் பிந்தைய பந்தை 38 மி.மீ.க்குச் சுருக்க எந்தப் போலிக்காரராலும் முடியாது.

1971 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் ஜப்பானின் நகோயாவில் 31-ஆவது உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே சீன வீரர் ஜுவாங் ஸெடோங்கும் அமெரிக்க வீரர் கிளென் கோவனும் பேருந்தில் சந்தித்ததில் தொடங்கியதே ‘பிங்பாங் ராஜதந்திரம்’. ஜுவாங் 1961, 1963, 1965 என 3 முறை உலக ஒற்றையர் சாம்பியன். அவர் இறந்தது 2013 பிப்ரவரியில். எனவே 40 மி.மீ. பந்தில் அவர் உண்மையாகவே கையெழுத்திட்டிருக்க 12 ஆண்டுகளுக்கு மேல் வாய்ப்பு இருந்தது. அதே பந்தை ‘நகோயாவில் ஆடிய பந்து’ என்று விற்றால், கையெழுத்து அசலாக இருந்தும் விற்பவர் சொல்லும் கதை பொய். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். விலையும் தனித்தனியே போடப்பட வேண்டும்.

இரண்டாவது எல்லை 2014 ஜூலை. அப்போதுதான் எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதன்மேல் ‘40+’ என்று அச்சிடப்பட்டிருக்கும். சென்னையின் சரத் கமல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை 2006-இல் மெல்போர்னிலும், 16 ஆண்டுகள் கழித்து 2022-இல் தமது 40-ஆவது வயதில் பர்மிங்காமிலும் வென்றார். முன்னது செல்லுலாய்டு காலம், பின்னது பிளாஸ்டிக் காலம். மெல்போர்ன் பந்து என்று காட்டப்படுவதில் ‘40+’ இருந்தால் அது குறைந்தது 8 ஆண்டுகள் பிந்தியது.

மட்டைக்கும் இப்படியான ஆண்டுக்கோடுகள் உண்டு. 1952-இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் மட்டையால் வென்றார். 7 ஆண்டுகளில், 1959-இல், வெறும் ஸ்பாஞ்ச் தடைசெய்யப்பட்டு, ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்த தடிமனுக்கு 4 மி.மீ. உச்சவரம்பு வந்தது. 1986 முதல் ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சிவப்பு என்பது கட்டாயமானது. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகிய 4 நிறங்களுக்கும் அனுமதி உண்டு. ஆனால் ரப்பர் தேய்மானப் பொருள். முன்னணி வீரர்கள் அதை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஆகவே ரப்பர்மீது இட்ட கையெழுத்தைவிட மரக்கட்டைமீது இட்ட கையெழுத்தே மட்டையின் வரலாற்றோடு சேர்ந்து நிற்கும். தொழிற்சாலையிலேயே வீரரின் கையெழுத்து அச்சிடப்பட்டு வரும் கட்டைகளுக்குக் கூடுதல் மதிப்பு 0 ரூபாய்.

பொருள் வந்த வழி தெளிவாக இருந்தால் விலை என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் நடந்த பிரதமர் நினைவுப் பரிசு மின்னேலம் சான்று. நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்கு அடிப்படை விலை 1 கோடி ரூபாய், போனது 1.5 கோடிக்கு. சென்னை வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி கையெழுத்திட்ட வாள் 60 லட்சத்தில் தொடங்கி 1.25 கோடி ரூபாயை எட்டியது. ஈட்டிக்கு 50 சதவீத ஏற்றம், வாளுக்கு 108 சதவீத ஏற்றம். நீரஜிடம் ஒலிம்பிக் தங்கம் இருந்தது; பவானி தேவியிடம் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. நல்ல நோக்கத்துக்கான ஏலம் என்பதும் விலையை உயர்த்தியிருக்கும். ஆனாலும் பொருள் வீரரிடமிருந்து பிரதமருக்கு, பிரதமரிடமிருந்து ஏலத்துக்கு என 2 கைமாற்றங்களில் வந்ததால், அசலா என்ற ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை.

மறுபக்கம், அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் 18 போலிக் கையெழுத்துக் கும்பல்கள் கலைக்கப்பட்டன. 63 பேர் தண்டனை பெற்றனர். அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூடப் பிடிபட்டவற்றில் இருந்தது. விளையாட்டுக் கையெழுத்துச் சந்தையில் பாதிக்கு மேல் போலி என்ற மதிப்பீடும் அப்போது முன்வைக்கப்பட்டது.

அந்தப் பாதியை வைத்து ஓர் உத்தேசக் கணக்கு. கையெழுத்து இல்லாத பழைய மட்டை 5,000 ரூபாய். அசல் கையெழுத்தோடு 25,000 ரூபாய் என்று கொள்வோம். அசலாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதமானால் நியாய விலை 15,000 ரூபாய். விற்பவர் 18,000 கேட்டால், வாங்குபவருக்கு 65 சதவீத நம்பிக்கையாவது வேண்டும். நிபுணரின் சரிபார்ப்புக்கு 4,000 ரூபாய் ஆகுமென்றால், 25,000 ரூபாய் மட்டையில் அது 16 சதவீதம். 5,000 ரூபாய்ப் பந்தில் 80 சதவீதம். சரிபார்ப்புச் செலவு பொருளின் விலைக்கேற்பக் குறைவதில்லை. எனவே மலிவான பந்துகள் பெரும்பாலும் சோதிக்கப்படாமலே கைமாறுகின்றன. போலிக்கு அதிக இடம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

செல்லுலாய்டு பந்துகளை மொத்தமாக வாங்குவோருக்கு இன்னொரு எண். அபாயகரப் பொருள் போக்குவரத்துக்கான ஐ.நா. மாதிரி விதிகளில், பந்து ஒன்று 3 கிராமுக்கும் பொதி ஒன்று 500 கிராமுக்கும் மிகாதவரை விலக்கு உண்டு. அதாவது ஒரு பொதியில் 2.5 கிராம் பந்தானால் 200, 2.7 கிராமானால் 185.

வாங்கப் போகிறவர்கள் வெர்னியர் அளவுகோலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். விட்டம், அச்சு, ரப்பர் நிறம், தடிமன் ஆகிய நான்கில் ஒன்று சொல்லப்பட்ட ஆண்டோடு பொருந்தாவிட்டாலும், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் கதைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.