'நெட் வரலை!' - ஐ.டி. சப்போர்ட் இன்டர்வியூவுக்குத் தயாரா?

"'நெட் வரலை' என்று ஒருவர் போன் செய்கிறார். என்ன செய்வீர்கள்?"

ஐ.டி. சப்போர்ட் வேலைக்கான இன்டர்வியூவில் இந்த எளிய கேள்விக்குத் தடுமாறுபவர்கள் உண்டு. டி.ஹெச்.சி.பி-யின் விரிவாக்கத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கூட, 'கேபிள் செருகியிருக்கிறதா, பக்கத்து சீட்டில் நெட் வருகிறதா?' என்று கேட்க மறந்துவிடுகிறார்.

அடுத்துதான் 'ஐபிகான்ஃபிக்'. ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், டி.ஹெச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி வரவில்லை. விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். 8.8.8.8-க்கு 'பிங்' போகிறது, வெப்சைட் மட்டும் திறக்கவில்லையா? டி.என்.எஸ். பக்கம் திரும்புங்கள். யோசிப்பதை வாய்விட்டே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கவனிப்பது அந்த வரிசையைத்தான்.

முதல் நாள் இரவு, அம்மாவை கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, அடுத்த அறையிலிருந்து போனில் வழிசொல்லிப் பாருங்கள். "ரவுட்டர்னா எது, அந்த லைட் எரியுற டப்பாவா?" என்பார். வேலையில் சேர்ந்த பிறகு வரும் போன்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.