தட்டணுக்களை வடிகட்டுவது ஏன்?

மரப்பாலைச் சல்லடையில் வடிகட்டி, பட்டைத் துணுக்கையும் உறைந்த கட்டியையும் நீக்குவது நாம் நன்கறிந்த வேலை. இரத்தப் புற்றுநோயாளிக்கு ஏற்றப்படும் தட்டணுக்களையும் மருத்துவர்கள் வடிகட்டுகின்றனர். இரத்தக் கசிவை நிறுத்துவன தட்டணுக்கள். அவற்றோடு கலந்துவரும் கொடையாளியின் வெள்ளணுக்களோ காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கலாம். அவற்றை அந்நியமெனக் கருதி நோயாளியின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கினால், பின்னர் ஏற்றப்படும் தட்டணுக்களும் அழிந்து, சிகிச்சை பயனற்றுப் போகக்கூடும்.

1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வடிகட்டாத தட்டணுக்களைப் பெற்ற நோயாளிகளில் 100க்கு 45 பேருக்கு இவ்வெதிர்ப்பொருள் தோன்றியது. வடிகட்டியவற்றைப் பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 18 பேருக்கே தோன்றியது.

முன்பு இரத்தம் ஏற்றியபோது நமக்குக் காய்ச்சலோ நடுக்கமோ கண்டிருப்பின், அதனை மருத்துவரிடம் மறவாது கூறுவோமாக. இரத்தம் ஏறும்போதே அவை கண்டால், தாதியை உடனே அழைப்போமாக.