கால் உளைச்சலும் மருந்து தேடிய கதையும்

மலர்க் குழுவினர் என்னிடம் "டெக்னிகலா ஒரு கட்டுரை குடு" என்றார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுத எங்கள் மின்னியல் வகுப்பில் ஆள் நிறைய உண்டு. நான் மண்டபத்தில் எங்கள் வீட்டில் நான்கு வருடமாகப் படித்த பாடத்தை எழுதுகிறேன்.

நோயின் பெயர் 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்'. தமிழில் அமைதியற்ற கால்கள் நோய் என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் 'கால் உளையுது' என்பதோடு சரி. ஆனால் எல்லாக் கால் உளைச்சலும் இந்த நோய் ஆகிவிடாது.

நோயாளி என் அம்மா, வயது 46. பகலெல்லாம் நன்றாக இருப்பார். விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்தாலோ படுத்தாலோ, "எலும்புக்குள்ள எறும்பு ஊருதுடா" என்பார். எழுந்து நடந்தால் நின்றுவிடும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இப்படி ராத்திரி மூன்று மணி வரை முற்றத்தில் நடை. மதுரைக்கு பஸ்ஸில் போனால் சீட்டு காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருவார். "உக்காருங்கம்மா" என்று கண்டக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போவார்.

காலை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் அது கூடுவது, நடந்தால் குறைவது, மாலையிலும் இரவிலும் மோசமாவது, குரக்குவலி போன்ற வேறு காரணம் இல்லாதிருப்பது: இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் இந்த நோய். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது. நாம் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். "கால் வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். எங்களுக்கும் ஒரு வருடம் அதுதான் கிடைத்தது. பக்கத்து வீட்டு மதினி "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரிக்கவும் கூட்டிப் போனார்கள். பிறகு ஒருவர் தூக்கம் வருவதற்கென்று மாத்திரை கொடுத்தார். அன்று ராத்திரி அம்மா அழுதேவிட்டார். அதன் காரணம் பின்னால்தான் புரிந்தது: சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் தரும் மருந்துகள், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், மனநோய், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் எல்லாம் இந்த உளைச்சலைக் கிளப்பிவிடக்கூடியவை.

நோய் புதிதல்ல. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1672லேயே இதை எழுதி, அபின் கலந்த மருந்து கொடுத்திருக்கிறார். 1945ல் சுவீடனின் கார்ல்-ஆக்ஸல் எக்போம் விரிவாக ஆராய்ந்து இன்றுள்ள பெயரை வைத்தார். 1953ல் அதே நாட்டு நார்ட்லாண்டர் என்பவர் இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினால் குணம் தெரிகிறது என்று எழுதினார். 1982ல் துருக்கியின் அக்பினார், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா இதற்கும் கேட்கிறது என்று காட்டினார். அதன்பின் எல்லோரும் டோபமின் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரோபினிரோல் 2005லும், பிரமிபெக்சோல் 2006லும் இந்த நோய்க்காகவே அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் அம்மாவின் பேச்சை ஐந்து நிமிடம் கேட்டார், நோயின் பெயரைச் சொன்னார், பிரமிபெக்சோல் எழுதினார். முதல் ராத்திரியே தூக்கம்! விடிந்து ஏழு மணிக்கு நாங்கள்தான் எழுப்பினோம். வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடாத குறைதான்.

ஒன்றரை வருடம் போயிற்று. ராத்திரி ஒன்பதுக்கு வந்த உளைச்சல் மாலை நாலுக்கே வந்தது. கைக்கும் பரவியது. மாத்திரையைக் கூட்டினால் ஒரு மாதம் அடங்கும், பிறகு முன்னைவிட மோசம். ஆங்கிலத்தில் இதை 'ஆக்மென்டேஷன்' என்கிறார்கள். நோயை அடக்கிய மருந்தே நாளடைவில் நோயை வளர்ப்பது. மருந்து பத்தவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டக் கூட்டச் சிக்கல் இறுகும். இதே வகை மருந்து சிலருக்குச் சூதாட்ட வெறி, கண்டதையும் வாங்கும் ஆசை ஆகியவற்றையும் கிளப்பும். செல்போனில் ரம்மி ஆடும் காலத்தில் இதை வீட்டார் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், டோபமின் வகை மருந்துகளை வழக்கமான முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. கபாபென்டின், பிரீகாபலின் ஆகியவற்றை முன்னால் வைக்கிறது. அதற்கும் முன்னால் இரும்புச் சோதனை.

இந்த இரும்பு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். அம்மாவின் ஹீமோகுளோபின் 12.1. "ரத்தசோகை இல்லையே" என்றார்கள். ஹீமோகுளோபின் என்பது எரிகிற பல்ப். ஃபெரிட்டின் என்பது பாட்டரியில் இருக்கும் இருப்பு. பல்ப் எரிகிறதே என்பதற்காகப் பாட்டரி ஃபுல் என்று சொல்ல முடியுமா? இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார். வந்தது 14. லேப் சீட்டில் அதற்கும் 'நார்மல்' என்றே போட்டிருந்தது! ஆனால் இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. மூளையில் டோபமின் வேலை ஒழுங்காக நடக்க இரும்பு வேண்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அம்மாவைப் போல ரத்தசோகை இல்லாமலே இருப்பு காலியானவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கர்ப்பிணிகளிடமும், டயாலிசிஸ் செய்பவர்களிடமும் இந்த நோய் அதிகம்.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம், டீயோடு கூடவே கூடாது. டீ இரும்பைச் சேரவிடாது. (எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டை.) பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வயிறு ஏற்காதவர்களுக்கு டிரிப்ஸில் ஏற்றுவதும் உண்டு. ஆனால் இருப்பு தெரியாமல் நாமாக இரும்பு சாப்பிடக்கூடாது. அதிகமானால் ஈரலைக் கெடுக்கும்.

கபாபென்டின் முதலில் வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. தலைசுற்றல், பகல் தூக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லவேண்டும். முதல் வாரம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு சரியாயிற்று.

பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் நாலைந்து நாள் நரகம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அப்பாவும் நானும் முறை வைத்து அம்மாவோடு நடந்தோம்.

இப்போது ஃபெரிட்டின் 92. வாரத்தில் ஐந்து ராத்திரி தூக்கம் வருகிறது. பிரமிபெக்சோல் இன்னும் கால் மாத்திரை பாக்கி. பொங்கலுக்குப் பிறகு அதையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.