நீல விளக்கின் கீழே பச்சிளங்குழந்தை

பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கண்ட என் மகளை, கண்களைக் கட்டி, ஆடை களைந்து, நீல விளக்கின் கீழ்க் கிடத்தியிருந்தனர். "வெயிலில் காட்டினால் போதாதா?" என உம்மா கலங்கினார்கள்.

கேள்வி தவறன்று. இச்சிகிச்சை வெயிலில் பிறந்ததுதான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்னும் செவிலியர், குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஒரு குழந்தையின் மேனி வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாயிருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டியவர் அவரே.

ஆயினும் வெயிலின் அளவு நம் கையில் இல்லை. சூடும் நீரிழப்பும் பிஞ்சுடலை வாட்டும். காமாலை முற்றினாலோ பிலிருபின் மூளையைத் தாக்கிச் செவித்திறனையே பறித்துவிடலாம். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலும் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது.

செவிலியர் 2, 3 மணிக்கொரு முறை தாய்ப்பால் கொடுக்கச் செய்தார். அப்போதெல்லாம் கண்கட்டை அவிழ்த்துக் கண்களைத் துடைத்தார். அது நழுவி மூக்கை அடைக்கிறதா எனவும் பார்த்தார். உடல் வெப்பத்தையும் நனைந்த துணிகளையும் கணக்கெடுத்தார். சர்க்கரைத் தண்ணீருக்கு இடம் தரவில்லை. ஒளிபட்ட தோல் வெளுத்தாலும், இரத்தப் பரிசோதனையின்றி விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் மலம் பச்சையாய் இளகிப் போயிற்று. வயிற்றுப்போக்கென்று உம்மா பதறினார்கள். "உடம்பிலிருந்த மஞ்சள்தான் வெளியேறுகிறது, அம்மா" என்றார் செவிலியர்.