மிதிலையின் மணவறைச் சுவர்

திருப்பூரிலும் அவிநாசியிலும் மாலை வேளையில் கோயில் வாசலைக் கடந்து செல்லும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் பீகார் மாநிலத்தவர் பலர். ‘வடக்கத்தியார்’ என்ற ஒரே சொல்லில் அவர்களை அடக்கிவிடுவது ஊர் வழக்கம். அந்த மாநிலத்தின் வடபகுதியும் அடுத்துள்ள நேபாள நிலமும் சேர்ந்ததுதான் ஜனக மகாராஜர் ஆண்ட மிதிலை, சீதாப்பிராட்டியின் பிறந்தகம். அம்மண்ணின் கலையைத் தலைநகர் வரை கொண்டு சென்றவர் கங்காதேவி.

1928இல் பிறந்த அவர், சிறு வயதிலேயே வீட்டுப் பெண்களிடம் சுவர்ச் சித்திரம் பயின்றார். மிதிலைப் பெண்கள் சித்திரத்தை ‘வரைவது’ என்று சொல்வதில்லை, ‘எழுதுவது’ என்பார்கள். சித்திரம் எழுதுதல் என்பது தமிழிலும் பழைய வழக்கே அல்லவா! திருமண வீட்டில் மணமக்களுக்குரிய அறையின் சுவரில் எழுதப்படுவது ‘கோஹ்பர்’. தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர், கௌரி பூஜை செய்யும் மணமகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறும். குலம் தழைக்க வேண்டும் என்ற பிரார்த்தனையே அச்சித்திரம்.

பிறர் மணவறைக்கு மங்கலம் எழுதிய அந்தக் கைகளுக்குச் சொந்த இல்வாழ்வு நிலைக்கவில்லை. கணவர் மறுமணம் செய்துகொள்ளவே, கங்காதேவி வறுமையில் தள்ளப்பட்டார். 1966-67இல் பீகாரில் கடும் பஞ்சம் நேர்ந்தபோது, அகில இந்திய கைவினை வாரியம் மிதிலைப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து, சுவரில் எழுதியதை அதில் எழுதச் செய்தது. அதுவே பின்னர் கங்காதேவிக்கும் வழி திறந்தது. இழை இழையாகக் கோடிடும் ‘கச்னி’ முறையில் அவர் இராமாயணத்தை எழுதினார். மனித வாழ்வின் சடங்குகளையும் வரிசையாக எழுதினார். 1984இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாரத விழாவுக்காக அமெரிக்கா சென்றவர், அங்கு கண்ட ராட்டினத்தையும் அதே கோடுகளில் கொண்டுவந்தது ரசிக்கத்தக்கது.

பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்காக டில்லியில் தங்கியிருந்த நாட்களில், அங்குள்ள கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர் முழுவதும் கோஹ்பர் எழுதத் தொடங்கினார். நோயின் வேதனைக்கு நடுவே, ஊரை விட்டு வெகுதொலைவில், மாதக்கணக்கில் அப்பணி நடந்தது. 1991இல் கங்காதேவி காலமானார்.

கால் நூற்றாண்டு அளவு நின்ற அச்சுவர், அருங்காட்சியகப் புதுப்பிப்புப் பணியின்போது அழிக்கப்பட்டது. செய்தி 2015இல் வெளிவந்தபோது கலையன்பர்கள் பெரிதும் வருந்தினர். மிதிலையில் பழைய சித்திரத்தின் மீது மண்ணும் சாணமும் மெழுகி, அடுத்த கல்யாணத்துக்குப் புதிதாக எழுதுவது வழக்கந்தானே என்று சிலர் சமாதானம் கூறலாம். அங்கே மெழுகுகிற கையே மீண்டும் எழுதும். டில்லியில் எழுதிய கை இல்லை.

ஜப்பானில் நீகாட்டா மாநிலத்தின் தோகாமாச்சியில் மிதிலைக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. கங்காதேவி அங்கே தங்கி எழுதிய சித்திரங்கள் அவ்வூரில் பேணப்பட்டு வருகின்றன.