கையில் அடங்கும் போதைப்பொருள் சோதனைக் கருவி: அது என்ன சொல்லும், என்ன சொல்லாது?

கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பையில் பெயர் தெரியாத ஒரு மாத்திரையோ, மடித்த காகிதத்தில் கொஞ்சம் பொடியோ கிடைக்கிறது. உடனே பலரும் செய்வது என்ன? போனை எடுத்துப் படம் பிடித்து இணையத்தில் தேடுவது. "இதை டெஸ்ட் பண்ண ஆப் ஏதாவது இருக்கா?", "ஆன்லைன்ல கிட் விக்குதாமே, வாங்கிப் பார்த்துடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். போன் கேமராவால் மட்டும் ஒரு பொடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கேமராவுக்குத் தெரிவது நிறமும் வடிவமும்தான். சர்க்கரைத் தூளும் வெள்ளைப் பொடிதான், விஷமும் வெள்ளைப் பொடியாக இருக்கலாம். மாத்திரையில் பொறித்த எழுத்தை வைத்து அதன் பெயரைத் தேடலாம் என்றாலும், அது உண்மையான கம்பெனி மாத்திரையா, அதே மாதிரி அச்சடித்த போலியா என்பது படத்தில் தெரியாது.

ஆனால் உள்ளே இருப்பதைச் சில நிமிடங்களில் சோதிக்கும் கையடக்கக் கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன. காவல், சுங்கம், மருத்துவம் எனப் பல துறைகளில் உலகம் முழுவதும் அவை பயன்படுகின்றன. முக்கியமான மூன்று வகைகளைப் பார்ப்போம்.

1. நிறம் மாறும் கிட்

இது மிகப் பழைய முறை, விலையும் குறைவு. ஒரு சிறு பையிலோ குப்பியிலோ இரசாயனம் இருக்கும். சந்தேகப் பொருளில் துளி சேர்த்தால் நிறம் மாறும். கோகெயின் என்றால் நீலம், ஹெராயின், மார்ஃபின் போன்றவை என்றால் ஊதா என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம், அதற்கென்று தனி இரசாயனம்.

சிக்கல் என்னவென்றால், அதே நிறத்தை வேறு சில பொருட்களும் தரும். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஒருவரின் காரில் கிடந்த வெள்ளைத் துகள்களைப் போலீசார் கிட்டில் சோதித்தார்கள். மெத்தாம்ஃபெட்டமின் என்று காட்டியது. அவர் கைதானார். பிறகு அரசு ஆய்வகம் சோதித்துப் பார்த்தால், அது போதைப்பொருளே இல்லை. டோநட் மேல் பூசிய சர்க்கரைத் துணுக்கு என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கடைசியில் நகர நிர்வாகம் அவருக்கு 37,500 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்தக் கிட்களில் சிலவற்றில் அடர் கந்தக அமிலம் இருக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டு மேஜையில் வைத்துச் செய்து பார்க்கும் வேலை இல்லை இது.

2. சோதனைப் பட்டை

கொரோனா காலத்தில் வீட்டில் செய்த ஆன்டிஜென் சோதனை ஞாபகம் இருக்கிறதா? கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் அதே வகைதான். மாதிரியைத் தண்ணீரில் கரைத்துப் பட்டையை நனைத்தால் கோடு விழும். ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கை ஓபியாய்டைக் கண்டுபிடிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பட்டைகள் பரவலாகப் பயன்படுகின்றன. 2021-ல் அமெரிக்க மத்திய அரசின் நிதியிலேயே இவற்றை வாங்க அனுமதி தரப்பட்டது. அந்த அளவுக்கு அங்கே ஃபென்டனில் உயிர்களைப் பறித்திருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கொரோனா பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் தொற்று உண்டு என்று அர்த்தம். ஃபென்டனில் பட்டையில் அப்படியே தலைகீழ். ஒரு கோடு என்றால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. பழக்க தோஷத்தில் தப்பாகப் படித்தால் உயிர் போகலாம்.

இரண்டாவது வரம்பு இன்னும் பெரியது. அந்தப் பட்டை ஃபென்டனிலை மட்டும்தான் தேடும். நிட்டாசீன் என்ற புதிய வகைச் செயற்கை ஓபியாய்டுகள் இருந்தாலும் அது காட்டாது. நம் ஊரில் தவறாகப் பயன்படுத்தப்படும் டபென்டடால் வலி மாத்திரையையும் காட்டாது.

3. லேசர் கருவி: நம் ஊர்க்காரர் பெயரில்

காவல் மற்றும் சுங்க அதிகாரிகள் பயன்படுத்தும் நவீன கையடக்கக் கருவி பலவற்றில் வேலை செய்வது "ராமன் விளைவு". திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் அறிவித்த கண்டுபிடிப்பு அது. 1930-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

விஷயம் இதுதான்: ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறைப் பொறுத்தது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு இரசாயனத்துக்கும் ஒரு ஒளிரேகை. கருவி அந்த ரேகையைத் தன் நினைவகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான ரேகைகளோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்கிறது. கண்ணாடிக் குப்பியையோ மெல்லிய பிளாஸ்டிக் உறையையோ பிரிக்காமலே சோதிக்கலாம் என்பது பெரிய வசதி. விலை பல லட்சம் ரூபாய்.

இதற்கும் வரம்பு உண்டு. பழுப்பு நிற ஹெராயின் போன்றவை லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து ரேகையை மறைத்துவிடும். நினைவகத்தில் இல்லாத புதுப் பொருளுக்குப் பெயர் வராது. எல்லாவற்றையும்விட முக்கியம், கலவையில் சில சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது பெரும்பாலும் கண்ணில் படாமல் போகும். ஃபென்டனில் போன்றவை கொல்வதோ அந்தச் சிறு அளவிலேயே.

"இல்லை" என்றால் "பாதுகாப்பு" இல்லை

மூன்று கருவிக்கும் பொதுவான ஒரு உண்மை உண்டு. வெண்பொங்கலில் மிளகு எல்லா வாயிலும் வராது. அதே மாதிரி, கள்ளத்தனமாகக் கலக்கிய பொடியிலும் மாத்திரையிலும் விஷம் சீராகப் பரவியிருக்காது. சுரண்டி எடுத்த துளியில் ஒன்றும் இல்லை என்றால், மீதியிலும் இல்லை என்று ஆகாது. அதோடு, இந்தக் கருவிகள் சொல்வது பெரும்பாலும் "என்ன" என்பதை மட்டும்தான். "எவ்வளவு" என்பதைச் சரியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே சேவைகள் நடக்கின்றன. நெதர்லாந்தில் 1992 முதல் அரசு ஆதரவோடு பரிசோதனை மையங்கள் உண்டு. நியூசிலாந்து 2020-ல் தற்காலிகமாகவும், 2021-ல் நிரந்தரமாகவும் இதற்குச் சட்டம் இயற்றியது. அங்கேயும் யாரும் "இது பாதுகாப்பானது" என்று சான்று கொடுப்பதில்லை. முடிவோடு சேர்த்து ஆலோசனையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்தச் சேவைகளின் உண்மையான பலன் எச்சரிக்கையில்தான் இருக்கிறது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் சின்னம் பொறித்த மாத்திரையில் பி.எம்.எம்.ஏ. என்ற கொடிய பொருள் இருப்பதை நெதர்லாந்து கண்டுபிடித்து, நாடு முழுவதும் எச்சரிக்கை விட்டது. அதே சின்னம் கொண்ட மாத்திரையால் அடுத்த சில வாரங்களில் பிரிட்டனில் நான்கு பேர் இறந்தார்கள். வாங்கியவர்கள் நினைத்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டப்படி போதைப்பொருளை வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். "சோதிக்கத்தான் வைத்திருந்தேன்" என்பதற்குப் பொதுமக்களுக்குத் தனி விலக்கு தரப்படவில்லை. "கலப்படம்தானே, உண்மையான சரக்கு கொஞ்சம்தானே" என்ற வாதமும் உதவாது. கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

காவல் துறை இடத்திலேயே செய்யும் கிட் சோதனை முதல் கட்ட அடையாளம் மட்டுமே. பிறகு மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வரும் அறிக்கைதான் வழக்கில் எடைபோடப்படும். நாட்டின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் தொடங்கப்பட்டது நம் சென்னையில்தான் என்பது பலருக்குத் தெரியாத தகவல்.

சட்டத்தில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தால், அவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெறலாம். அப்படிப் பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புக் கோர பிரிவு 64-ஏ வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

வீட்டில் சந்தேகப் பொருள் கிடைத்தால்

• முகர்ந்து பார்க்காதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். சினிமாவில் அதிகாரி செய்வது மாதிரி நீங்கள் செய்ய வேண்டாம்.
• சிறு குழந்தைகள் கைக்கு எட்டாதபடி ஒதுக்கி வைத்துவிட்டு உடனே கீழே உள்ள உதவி எண்ணில் கேளுங்கள். சோதித்துத் தரச் சொல்லி யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள்.
• படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளையின் பெயர் கெடுவதுதான் மிச்சம்.
• மருந்துக்கடை சிறுநீர்க் கிட்டை நம்பி முடிவு கட்டாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலே "ஓபியேட் உண்டு" என்று காட்டலாம்.
• பிள்ளையிடம் பேசுங்கள். "எங்கே வாங்கினே?" என்று அதட்டுவதைவிட "எவ்வளவு நாளா? உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அவசரம் என்றால் கருவியைத் தேட நேரமில்லை. எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மாத்திரை அட்டையோ உறையோ கிடைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காதீர்கள். ஓபியாய்டு என்று அறிகுறி இருந்தால் நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. மருத்துவர் அதை அறிகுறி பார்த்தே கொடுப்பார், சோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்.

போனில் பதிந்துகொள்ள வேண்டிய எண்கள்

• 108: ஆம்புலன்ஸ்
• 14446: போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண்
• 10581: போதைப்பொருள் விற்பனை குறித்துத் தமிழ்நாடு காவல் துறைக்குத் தகவல் தர
• 1933: மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் "மானஸ்" உதவி எண். தகவல், புகார், ஆலோசனைக்கு
• 14416: "டெலி மானஸ்" மனநல ஆலோசனை

கடைசி இரண்டின் பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும், சேவை வேறு. எண்ணைப் பார்த்து அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" போதை மீட்பு மையங்களும் செயல்படுகின்றன. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

பொடியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஆய்வகம் பதில் சொல்லும். பிள்ளை ஏன் அதைத் தொட்டது என்ற கேள்விக்குப் பதில் எந்தக் கருவியிலும் வராது. அதற்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.