நாள்தோறும் ஒரு பொருள்

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்கள் சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. வடகீழ்ப் பருவமழை வலுத்தால் வயல்வெள்ளம் பெருந்தெருவையும் மூடிப் பாயும். 2024 நவம்பர் 26 அன்று அவ்வெள்ளத்தில் உழவு இயந்திரம் ஒன்று அள்ளுண்டு, மதரஸா மாணவர் பலர் மாண்ட துயரத்தை இப்பகுதியில் எவரும் மறந்திலர்.

அந்நாட்களில், அவ்வூரில் வாழும் ஆசிரிய நண்பர் ஒருவரின் இல்லத்திலும் நீர் புகுந்தது. உயிருக்குத் தீங்கில்லை. ஆயினும், வெளியேறுமுன் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் எடுக்க முயன்றவர், அலுமாரியையும் றங்குப் பெட்டியையும் கிளறிக் களைத்துப் போனார். பழைய கலியாண அழைப்பிதழ்கள், பழுதுற்ற மணிக்கூடுகள், பத்தாண்டு மின்கட்டணச் சிட்டைகள் யாவும் கைக்கு வந்தன. உறுதி மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அது பெட்டியின் அடியில் நனைந்து கிடந்தது.

"எங்கள் வீட்டில் இல்லாத சாமான் இல்லை என்று இருந்தேன், சேர். தேவைப்பட்ட நேரத்தில் தேவையானது ஒன்றுதான் இல்லாமற் போயிற்று" என்றார் அவர்.

நம்மில் எத்தனை பேர் இவ்வாறு சொல்ல நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏன் சேர்த்து வைக்கிறோம்?

'என்றைக்காவது உதவும்' என்பதே நம் வீடுகளின் தாரக மந்திரம். இதனை எள்ளி நகையாடுதல் தகாது. 1970ஆம் ஆண்டுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற தலைமுறை, கயிற்றுத் துண்டையும் வெற்றுப் பேணியையும் போற்றிக் காத்தது. அது அன்றைய அறிவுடைமை. இன்றோ, பொருள்கள் நாள்தோறும் வீட்டினுள் நுழைகின்றன; வெளியேறும் வழியைத்தான் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

இதனால் விளையும் கேடு கண்ணுக்கு அழகின்மை மட்டுமன்று. மழைக்குப் பின் கொல்லையிற் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை, பறக்கும் நுளம்பாக வளர ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் பெருந்துப்புரவு இந்த எதிரியை வெல்லாது என்பது இதனாற் புலனாகும்.

வைத்தியசாலை கற்பித்த பாடம்

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய 'ஐந்து எஸ்' முறையைக் கைக்கொண்டது. வேண்டாதவற்றை விலக்கல், வேண்டியவற்றுக்கு இடம் வகுத்தல், துப்புரவாக்கல், அதனை நியமமாக்கல், பழக்கமாக்கல் என்பன அதன் ஐந்து படிகள். ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வைத்தியசாலைகளும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று: விலக்கல் முதற்படி, பழக்கம் இறுதிப்படி. பழக்கமாக மாறாத துப்புரவு ஒரு வாரத்திற் கலைந்துவிடும்.

நண்பரின் உம்மா இந்நூல்களைப் படித்தவரல்லர். எனினும் வெள்ளம் வடிந்தபின் வாசலருகே ஓர் ஓலைப்பெட்டியை வைத்தார். மஃரிப் தொழுகைக்குப் பின் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், ஓராண்டாகத் தாம் தொடாத பொருள் ஒன்றைத் தேடி அதிலிட வேண்டும். அவ்வளவே விதி. ஐவர் வாழும் வீடு. மாதத்திற்கு ஏறத்தாழ 150 பொருள்கள். சச்சரவும் இல்லை, களைப்பும் இல்லை. பிறருடைய பொருளை எடுத்து இடலாகாது என்பதில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார்.

பெட்டி நிறைந்ததும் நல்ல உடைகளும் பாடநூல்களும் வேண்டியோருக்குச் செல்லும். கடதாசியும் போத்தலும் பழைய சாமான் வாங்குவோருக்குச் செல்லும். எஞ்சுவது மிகச் சொற்பம். அதுவே முறை. வீட்டுக்கு வெளியே வீசியது உலகை விட்டு மறைவதில்லை. நமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாத்திக்கை உண்டு யானைகள் மடிந்ததை நாம் அறிவோம்.

அண்மையில் நான் சென்றிருந்தபோது, நண்பரின் இளைய மகள் அலுமாரியின் மேற்தட்டிலிருந்து ஒரு சிறு பையை எடுத்துக் காட்டினாள். உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், மருந்துச் சீட்டுகள் யாவும் நீர் புகாத உறையினுள் இருந்தன. "வாப்பா தேடத் தேவையில்லை, நானே எடுத்துக் கொண்டு ஓடுவேன்" என்றாள்.

அடுத்த மாரிக்கு முன் நம் இல்லங்களிலும் இதனைத் தொடங்கலாம் அன்றோ? இன்றிரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் உங்கள் காணி உறுதி எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். தேடும்போது கைக்கு அகப்படும் வேண்டாத பொருள் ஒன்றே, உங்கள் பெட்டியின் முதற் பொருளாகுக.